நடை நோட்டில் இருபதாவது ஆள்

ஜூன் 24, திங்கள்

இன்று ஜெபமலர் டீச்சர் வகுப்பில் ஆறு விதமாக நடந்து காட்டினார். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க இந்த வருடம்தான் வந்திருக்கிறார். கரும்பலகையில் இருபது வார்த்தைகளை எழுதிப்போட்டு, ‘ஸ்ட்ரோல்’ என்றால் என்ன என்று கேட்டார். நடத்தல் என்றோம். ‘ட்ரட்ஜ்’? நடத்தல். ‘ஸ்ட்ரட்’? நிஷா மட்டும் எழுந்து, “அதுவும் நடக்கிறதுதான் டீச்சர், கொஞ்சம் வேற மாதிரி” என்றாள். வகுப்பே சிரித்தது.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுக் கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்தார். ஒரு தடவை, சாரல் விட்ட சாயங்காலத்தில் காற்று வாங்கப் போவதுபோல. ஒரு தடவை, தலையில் விறகுக்கட்டு இருப்பதுபோல. ஒரு தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. அதற்கு மேல் யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு வேலை கொடுத்தார். நாற்பது பக்க நோட்டு. இடது பக்கத்தில் அகராதிப் பொருள். வலது பக்கத்தில் அப்படி நடக்கிற ஓர் ஆள். நம் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். பெயர், இடம், நேரம் எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு வார்த்தைதான்.

“வார்த்தைய புஸ்தகத்துல வச்சா நாளைக்கே மறந்துரும். ஒரு ஆள் மேல ஒட்டி வச்சிட்டா எத்தனை வருசமானாலும் மறக்காது” என்றார்.

ஜூலை 13 பெற்றோர் நாள். அன்று மிக நல்ல நோட்டை மேசையில் வைப்பார்கள். பரிசு ஒரு பெரிய அகராதி. எனக்கு அது வேண்டும்.

ஜூன் 26, புதன்

ஏழு வார்த்தைகள் முடிந்தன.

ஸ்ட்ரோலுக்கு ரேஷன் கடைக்காரர். கடையைப் பூட்டிய பிறகு குளத்துக்கரையில் போவார். எங்கே போகிறோம் என்பது அவருக்கு முக்கியமில்லை. வாண்டருக்குப் போகும் இடமே கிடையாது, அதனால் அதற்கு ஆளில்லாமல் வாத்தியார் வீட்டுப் பசுவை எழுதலாமா என்று யோசித்தேன். ட்ரட்ஜ், ப்ளாட் இரண்டும் குழப்பின. இரண்டிலும் கால் கனக்கிறது. ஆனால் ட்ரட்ஜில் உடம்பு களைத்திருக்கிறது. ப்ளாடில் களைப்போடு ஒரு பிடிவாதமும் உண்டு, வேகம் மாறாது. பீடிக் கம்பெனிக்குக் கட்டு கொண்டுபோகும் வரிசையில் இரண்டுமே கிடைத்தன.

அம்மாவை எதற்காவது போடலாம் என்று பார்த்தேன்.

“நான் எங்கட்டி நடக்கேன்? நாள் பூரா மடியில தட்டோட சப்பணம் போட்டு இருக்கேன். இருக்கதுக்கு ஏதும் இங்கிலீசு இருந்தா எழுதிக்க” என்றாள்.

அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா கொல்லத்தில் ஒரு பேக்கரியில் இருக்கிறார். பக்கத்துத் தெரு வள்ளிமயில் அத்தையும் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். பேச்சு ஓடினால் கை ஓடும் என்பார்கள் இரண்டு பேரும். அத்தையின் வீட்டுக்காரர்தான் எங்கள் வேன் டிரைவர் சொரிமுத்து அண்ணாச்சி. அம்மாவுக்கு அண்ணாச்சி என்றால் எனக்கு மாமா முறை வர வேண்டும். ஆனால் வேனில் யு.கே.ஜி. கனிஷ்காவிலிருந்து என்வரை பதினொரு பேருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

சாயங்காலம் இருநூறு பீடிக்கு நுனி மடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 29, சனி

சனிக்கிழமையும் பள்ளி வைத்தார்கள். நல்ல சாரல். ‘ஹாப்’ என்பதற்குக் கனிஷ்கா கிடைத்தாள், பள்ளி வாசலில் தேங்கிய தண்ணீரில் ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டிப் போனாள்.

அதற்குச் சற்று முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. சொரிமுத்து அண்ணாச்சி எங்களை இறக்கிவிடக் கதவைத் திறக்க வந்தார். அவருடைய வலது கால் செருப்பு வண்டிக்குள்ளேயே கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு ஜல்லி போட்ட இடத்தில் ஏழெட்டு எட்டு நடந்து வந்துவிட்டார். கனிஷ்காதான் கத்தினாள்: “அண்ணாச்சி, ஒரு கால்ல செருப்பில்ல.”

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்து, “செருப்புக்கு இன்னைக்கு லீவு குடுத்துட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

என்னைப் பார்த்து, “என்ன கலெக்டரம்மா, இதையும் நோட்டுல ஏத்தியாச்சா?” என்றார். வேனில் எப்போதும் படித்துக்கொண்டு வருவதால் எனக்கு அந்தப் பெயர். இதற்கு வார்த்தை இல்லை அண்ணாச்சி என்றேன்.

ஜூலை 1, திங்கள்

எனக்குப் பதினாறு வார்த்தை. நிஷாவுக்குப் பதினெட்டு. அவள் என் நல்ல தோழிதான், ஆனாலும் எண்ணிக்கையைக் கேட்டதும் என் நோட்டை எடுத்து மறுபடி எண்ணினேன்.

வேன் ஆஸ்பத்திரி இறக்கத்தில் சட்டென்று நின்றது. நிஷாவின் டிபன் பாக்ஸ் உருண்டு அண்ணாச்சியின் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. “மாடு குறுக்க வந்துட்டு” என்றார் அண்ணாச்சி. நான் ஜன்னலோரம் இருந்தேன். மாடு ஓரமாகத்தான் நின்றது.

நிஷா மதியம் என் டிபனில் பாதி சாப்பிட்டாள். எலுமிச்சம்பழச் சாதம்.

ஜூலை 3, புதன்

இரண்டு பேருக்கும் பத்தொன்பது. எனக்கு ஸ்டாகர் மட்டும் இல்லை. அவளுக்கு மார்ச் மட்டும் இல்லை, அது சுலபம், என்.சி.சி. நடக்கும் நாளில் கிடைத்துவிடும்.

ஸ்டாகருக்கு இடது பக்கம் எழுதி வைத்துவிட்டேன்: கால் நிலைகொள்ளாமல் இரு பக்கமும் தள்ளாடி நடத்தல், குடித்தவர், அடிபட்டவர் நடப்பதுபோல. டாஸ்மாக் கடை வழியாகத்தான் வேன் போகிறது. ஆனால் காலையில் அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் பெயர் தெரியாது. அம்மாவிடம் சாயங்காலம் அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். பீடி இலை வெட்டும் கத்தரியைத் தூக்கிக் காட்டினாள்.

ஜூலை 4, வியாழன்

இன்றும் கிடைக்கவில்லை. நாளை நோட்டைக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டாகர் கிடைத்துவிட்டது. காலை 8.10, பள்ளி வாசல், சாரல். இறங்கும்போது வலது பக்கம் சாய்ந்து, கதவின் கைப்பிடியைப் பிடிக்கப் போன கை பிடிக்காமல், பக்கவாட்டில் இரண்டு எட்டு போய், சுவரில் கை ஊன்றி நின்றது. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். ஷஃபிள்கூடச் சொல்லலாம், காலைத் தூக்காமல் தேய்த்து நடப்பது அது. ஆனால் அதற்குத் தபால் ஆபீஸ் பெரியவர் ஏற்கெனவே இருக்கிறார். ஸ்டம்பிள் என்றால் கால் எதிலாவது தட்ட வேண்டும். லிம்ப் என்றால் ஒரு கால் வலிக்க வேண்டும். வலித்ததுபோலத் தெரியவில்லை.

பார்த்ததைத்தான் எழுதினேன்.

டீச்சர் இருபதுக்கும் டிக் போட்டார். “உனக்குக் கண்ணு நல்ல கூர்மை” என்றார்.

ஜூலை 13, சனி

என் நோட்டுதான் மேசையில் இருந்தது.

அம்மா பச்சைச் சேலை கட்டி வந்தாள். என் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள், படிக்கவில்லை. அங்கே ஆங்கிலம்தானே இருக்கும் என்று நினைத்திருப்பாள். அகராதியை வாங்கும்போது அதன் கனத்தில் கை இறங்கியது. ஆயிரத்து நூறு பக்கம்.

நிறையப் பேர் நோட்டைப் புரட்டினார்கள். ரேஷன் கடைக்காரர் பக்கத்தைப் பார்த்து ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கனிஷ்காவின் அப்பா கடைசிப் பக்கத்தை வெகுநேரம் படித்தார். பிறகு போனில் படம் பிடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து விழும்படி நானே நோட்டை விரித்துப் பிடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

வேன் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கனிஷ்காவின் அப்பா அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். இடது பக்கம் அகராதிப் பொருள். வலது பக்கம் என் எழுத்தில்: சொரிமுத்து அண்ணாச்சி, வேன் டிரைவர், காலை 8.10, பள்ளி வாசல்.

அதற்குக் கீழே அவர் குரலில் ஒரு செய்தி: “புள்ளைகளே பாத்து எழுதுத அளவுக்கு இருக்கு. காலைல எட்டு மணிக்கே. நாம என்ன பண்ணப் போறோம்?”

அம்மா குரலைக் கேட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. “அண்ணாச்சியா? குடிச்சிருக்காவளா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் இலை நனைக்கத் தண்ணீர் எடுத்து வந்தேன். மூன்று குடம்.

ஜூலை 15, திங்கள்

வேன் முதலாளியே வண்டி ஓட்டி வந்தார். கனிஷ்கா, “அண்ணாச்சிக்கு லீவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிஷா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் ஒன்றும் கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

வள்ளிமயில் அத்தை வந்தாள். தட்டை மடியில் வைத்தாள், ஆனால் ஒரு பீடிகூடச் சுற்றவில்லை.

“இருவத்திரெண்டு வருசமா ஒரு சொட்டு தொட்டதில்ல மதினி. ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்க மனுசன். போற வழியில ஒருத்தன் வாயை ஊதிக் காட்டச் சொல்லுதானாம். ஊதிக் காட்டிட்டு வந்திருக்காவ.”

“எந்தக் கழுத எழுதுனாளோ” என்றாள் அம்மா. “பிள்ளையா அது?”

“பிள்ளைய என்னத்தச் சொல்ல. பாத்துச்சு, எழுதிட்டு.”

அத்தை என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். பார்க்கவில்லை. பீடி நுனியை மடித்துக்கொண்டே இருந்தேன். நாற்பது பீடி பிரிந்துபோனது. அம்மா, “இன்னைக்கு உன் கைக்கு என்னட்டி வந்துட்டு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைமாடன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் நம்புகிறோம் என்று வேன் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லிவிட்டார்களாம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்துவிட்டுப் பொய் சொன்னவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஜூலை 17, புதன்

டீச்சரிடம் போய், ஸ்டாகர் பக்கத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டீச்சரின் முகம் இரண்டு நாளாகவே சரியில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசியதாகச் சொல்கிறார்கள்.

“நீ பாத்ததத்தான எழுதுன?”

“ஆமா டீச்சர்.”

“பாத்தது எல்லாத்தையும் எழுதுனியா?”

டீச்சர் தன் கையில் இருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேரு எழுதச் சொன்னது நான். அது என் தப்பு. மத்ததை நீ யோசி” என்றார்.

திரும்பும்போது நிஷாவிடம் செருப்புக் கதையை ஞாபகப்படுத்தினேன். அவள் அதற்கும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“எங்க வாப்பாவுக்கும் அப்படித்தான்” என்றாள். “சுகரு. கால் மரத்துரும். போன வருசம் ஆணி குத்தி ரெண்டு நாள் கழிச்சு சாக்ஸ்ல ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது. நான் அன்னைக்கே நெனச்சேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

ஜூலை 18, வியாழன்

ஜூன் 29-ஐத் திரும்பப் படித்தேன். ‘கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்’ என்று நானே எழுதியிருக்கிறேன். ஜல்லியில் ஏழெட்டு எட்டு என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறேன். ஜூலை 5-இல் ‘வலித்ததுபோலத் தெரியவில்லை’ என்றும் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை மட்டும் அன்றைக்கு இந்த டைரியில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அகராதிக்கு இருபது வேண்டும். பத்தொன்பது போதாது.

அகராதியை அம்மா இலைக்கட்டின் மேல் பாரமாக வைத்திருக்கிறாள். ஓரமெல்லாம் ஈரம். நான் எடுக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

பள்ளி விட்டதும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அத்தை பீடிக் கம்பெனிக்குப் போயிருந்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் பாதத்தின் மேல் போட்டார். போடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். பெருவிரலுக்கு அடியில் கறுத்து, ஒரு ரூபாய் அளவுக்குக் குழி.

“வாங்க கலெக்டரம்மா. வாசல்லயே நிக்கீங்க?”

நான்தான் எழுதினேன் என்றேன்.

“தெரியுமே. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம வேன்ல வேற யாரு அப்பிடி எழுதுவா?”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் எல்லார்ட்டயும் சொல்லிருதேன். நீங்க குடிக்கல, காலு மரத்துப் போயிருக்குன்னு சொல்லிருதேன். டீச்சர்ட்ட, கனிஷ்கா அப்பாட்ட, எல்லார்ட்டயும்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“யாரு சொன்னா உனக்கு?”

“செருப்பு... அன்னைக்கு...”

“இங்க பாரு. உக்காரு.” நான் உட்காரவில்லை. “குடிகாரன்னு சொன்னா ரெண்டு மாசத்துல மறந்துருவாவ. ஞாயித்துக்கிழமை கற்பூரம் அடிச்சா அன்னைக்கே மறந்துருவாவ. காலு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் நம்ம கையில சாவியக் குடுப்பான்? எனக்கு ஐம்பத்திமூணு வயசு. வேற என்ன தெரியும் எனக்கு?”

“ஆஸ்பத்திரி...”

“ஆடி கழியட்டும், போவேன். உங்க அத்தைக்குக்கூடத் தெரியாது. நீ எழுதுனது பொய்யி. அத விட்டுரு. நான் பாத்துக்கிடுதேன். இந்த உண்மைய மட்டும் எழுதிராத, தாயி.”

சரி என்று சொல்லிவிட்டேன். எழுதியவளுக்கு வேறு என்ன சொல்ல உரிமை இருக்கிறது?

ஜூலை 21, ஞாயிறு

கோயிலில் நல்ல கூட்டம். அண்ணாச்சி குளித்து ஈர வேட்டியோடு வந்தார். புதுச் செருப்பைக் கோயிலுக்கு வெளியே கழற்றும்போது குனிந்து கையால் கழற்றினார். “சாராயமோ கள்ளோ பிராந்தியோ என் நாக்குல பட்டதில்ல” என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தார். அது உண்மை. கனிஷ்காவின் அப்பாவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா நெனச்சிட்டோம் அண்ணாச்சி” என்றார். அத்தை அழுதாள். அம்மாவும்.

நாளையிலிருந்து அவர்தான் வண்டி ஓட்டுவார். நான் ஒரு வாரமாகச் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

ஜூலை 22, திங்கள்

காலை 7.40-க்கு அண்ணாச்சியின் ஹார்ன். இரண்டு சின்னது, ஒரு பெரியது. பிள்ளைகள் ஓடிப்போய் ஏறினார்கள்.

நான் முன்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். படிக்கவில்லை. ஒவ்வொரு தடவை வண்டியை நிறுத்தும்போதும் அண்ணாச்சி கீழே குனிந்து பார்க்கிறார். கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிறகு வைக்கிறார். பார்க்கும் நேரத்தில் ரோட்டைப் பார்ப்பதில்லை. எண்ணினேன். பள்ளி வரை பதினேழு தடவை.

ஜூலை 23, செவ்வாய்

பத்தொன்பது தடவை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

சொல்லவில்லை. அவரிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன். என்னால் ஏற்கெனவே ஒரு வாரம் வீட்டில் இருந்தவர்.

ஜூலை 25, வியாழன்

ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வண்டி நிற்கவில்லை. கேட் கம்பியில் மெதுவாகத்தான் இடித்தது. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. கண்ணாடிகூட உடையவில்லை. கனிஷ்கா முன்கம்பியில் மோதி உதட்டில் ரத்தம். என் கர்ச்சீப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் அழாமல் என்னையே பார்த்தாள்.

“பிரேக் லேசா மக்கர் பண்ணுது” என்றார் அண்ணாச்சி. கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

பள்ளியில் ஒரு பாடமும் காதில் விழவில்லை. முதல் தடவை பார்த்ததில் பாதியை எழுதினேன். இந்தத் தடவை முழுவதையும் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருக்கிறேன். கர்ச்சீப் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் துவைத்தேன், கறை போகவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்பதிலிருந்து. அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“மதினி மொகத்துல நான் எப்பிடிட்டி முழிப்பேன்?”

பிறகு சோற்றை வடித்துவிட்டு வந்து, “நீ இத எவன்ட்டயும் மொதல்ல போய்ச் சொல்லாத. போன தடவ ஊருக்கெல்லாம் காட்டிட்டு அவாளுக்குக் கடைசியா தெரிஞ்சுது. இந்தத் தடவ அவாளுக்கு மொதல்ல. நடட்டி” என்றாள்.

நான் நடை நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் பழையதை அடித்தேன். அதே வலது பக்கத்தில் மறுபடி எழுதினேன். ஜூன் 29, செருப்பு. ஜூலை 1, ஆஸ்பத்திரி இறக்கம், மாடு குறுக்கே வரவில்லை. ஜூலை 5, கைப்பிடி. ஜூலை 19, புண். ஜூலை 22, பதினேழு தடவை குனிந்து பார்த்தார். ஜூலை 25, கனிஷ்காவின் உதடு. மேலே எந்த ஆங்கில வார்த்தையும் போடவில்லை.

அண்ணாச்சி சாப்பிட உட்கார்ந்திருந்தார். அத்தை, “என்ன மதினி இந்நேரம்?” என்று பாயை விரித்தாள். அம்மா உட்காரவில்லை. நான் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“இதையும் மேசையில வச்சுக் காட்டுவியா?”

“இல்ல அண்ணாச்சி. உங்கள்ட்ட மட்டுந்தான் காட்டுதேன். ஆனா நாளைக்கு நீங்க வண்டி எடுத்தா டீச்சர்ட்ட குடுத்துருவேன்.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“என்ன குடுப்பா? என்ன நோட்டு?” என்றாள் அத்தை. அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அண்ணாச்சி தட்டை நகர்த்திவிட்டு, வேட்டியை விலக்கி, அவளுக்கு முன்னால் காலை நீட்டினார். துண்டு எதுவும் போடவில்லை.

அத்தை அதைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

7.40-க்கு ஹார்ன் வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அண்ணாச்சியே முதலாளியிடம் சாவியைக் கொடுத்து, சுகர் கால், இனி முடியாது, கலெக்டரம்மாதான் எழுதிக் காட்டினாள் என்று சொல்லிவிட்டாராம். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அத்தை வீடு பூட்டியிருக்கிறது. அம்மா தனியாகத்தான் சுற்றுகிறாள். நேற்று எண்ணூறு பீடி வர வேண்டிய இடத்தில் ஐந்நூற்றைம்பதுதான்.

“மொத தடவ நீ எழுதுனதுக்கு ஒரு வாரம் வீட்ல இருந்தாவ. இப்ப எழுதுனதுக்கு எத்தன வருசமோ” என்றாள் அம்மா. திட்டவில்லை. கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னாள்.

நீ செய்தது சரிதான் என்கிறாள் நிஷா. டீச்சரும் அதைத்தான் சொன்னார். கனிஷ்காவின் அம்மா எனக்கு ஒரு பேனா கொடுத்தாள். சரியாகச் செய்ததற்கு யாராவது பாராட்டும்போதெல்லாம், ஜூலை 13 அன்று நோட்டை விரித்துப் பிடித்த கைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் இதே கைதான். பேனாவைக் கனிஷ்காவிடமே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அண்ணாச்சி இல்லாமல் அவர்கள் வீட்டு விரதம் எப்படி நடந்தது என்று தெரியவில்லை. நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். வள்ளிமயில் அத்தை தட்டோடு வந்தாள். நேரே வந்து, எப்போதும் உட்காரும் சுவரோரத்தில் உட்காராமல் வாசல் பக்கமாக உட்கார்ந்தாள்.

“ரெண்டு விரலு எடுத்தாச்சு” என்றாள். “இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாவ. இப்ப ரப்பர் செருப்பு குடுத்திருக்காவ. வாக்கர் வச்சு வராண்டாவுல நடக்காவ.”

சரி அத்தை என்றேன்.

“உனக்கு நல்லது சொல்ல எனக்கு வாய் வரல, பாத்துக்க. வேலை போயிட்டு. கெட்டது சொல்லவும் வரல.”

அவள் இரண்டு பீடி சுற்றினாள். மூன்றாவது இலையை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நேத்து அவாள் ஒண்ணு கேக்கச் சொன்னாவ. அந்த நோட்டுல அவாள் பேரு இப்ப எந்த வார்த்தைக்கு நேரா இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

“எதுக்கு நேராவும் இல்ல, அத்தை. அந்த வார்த்தைய அடிச்சிட்டேன். நோட்டுல இப்ப பத்தொன்பதுதான்.”

“பரிசு?”

“நாளைக்குத் திருப்பிக் குடுக்கப் போறேன்.”

அத்தை இலைக்கட்டின் மேல் இருந்த அகராதியைப் பார்த்தாள். ஈரத்தில் அட்டை உப்பி, ஒரு மூலை பிரிந்திருந்தது. எடுத்து முந்தானையால் துடைத்துத் தன் பக்கத்தில் காய வைத்தாள்.

“இப்பிடியே கொண்டுபோய்க் குடுக்காத. காயட்டும்.” பிறகு, “ஏட்டி, அந்த நூலை இங்கிட்டு எடு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் நூற்றைம்பது சுற்றினாள், நான் நுனி மடித்தேன். அம்மா வந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

ஆறரைக்கு அத்தை எழுந்தாள். தெருவில் இறங்கிக் குழாயடி தாண்டும்வரை அவள் செருப்புச் சத்தம் கேட்டது. எப்படி நடக்கிறாள் என்று பார்க்கத் தலையைத் தூக்காமல் இலை வெட்டிக்கொண்டிருந்தேன்.